கரையைக் கடத்தல்: புயல் வந்ததா, போனதா?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் தமிழ்நாட்டில் எல்லார் காதிலும் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு: “புயல் கரையைக் கடந்தது.” அதைக் கேட்டதும் எங்கள் பக்கம், காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில், பெரியவர்கள் “அப்பாடா” என்பார்கள். டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போவார்கள். அந்த ‘அப்பாடா’ தப்பு. அதைச் சொல்ல வைத்தது ஒரு சொல். அந்தச் சொல்லைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில் அதன் வானிலைப் பொருள். புயலின் நடுவே இருக்கும் மையம் கடற்கரைக் கோட்டைத் தொட்டுத் தாண்டுவதுதான் ‘கரையைக் கடத்தல்’. மையம் மட்டும். புயலோ சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழன்றுகொண்டிருக்கும். மையம் கரையைத் தொடுவதற்குப் பல மணி நேரம் முன்பே அதன் முன்பக்கம் ஊருக்குள் இருக்கும். தொட்ட பிறகும் பின்பக்கம் கடலுக்குள் இருக்கும். கண் நன்றாக உருவான புயல் என்றால், அது தலைக்கு மேல் வரும்போது காற்று திடீரென்று அடங்கிவிடும், வானம்கூட வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். இடையில் வெளியே வந்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஆக, கடத்தல் என்பது ஒரு கணத்தில் நடந்து முடிவதில்லை. அதனால்தான் செய்தியில் “கடக்கத் தொடங்கியது”, “கடந்துகொண்டிருக்கிறது”, “முழுமையாகக் கடந்தது” என்று படிப்படியாகச் சொல்கிறார்கள். நம் மனத்தில் நிற்பதென்னவோ கடைசியில் வரும் ‘கடந்தது’ மட்டும்தான்.

2018 நவம்பர் 15ஆம் தேதி இரவு. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் வருகிறது என்று தெரியும். அப்பத்தா எங்கள் எல்லாரையும் முற்றத்தை விட்டுத் தள்ளி, உள்ளறையில் படுக்கச் சொல்லியிருந்தார். டிரங்குப் பெட்டிகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவில் ஏழு பேர். நள்ளிரவு தாண்டி மாமா கைப்பேசியைப் பார்த்துவிட்டு, “கரையைக் கடக்க ஆரம்பிச்சிருச்சாம்” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “கடந்துருச்சு” என்றார். அப்பத்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “கடந்துருச்சுல்ல, இனி என்ன? இந்த இடுக்குல ஏன் கிடந்து அவதிப்படணும், பத்தியில காலை நீட்டிப் படுங்கப்பா.” முற்றத்தை ஒட்டிய பத்தியில் பாயை விரித்தோம். விடியற்காலையில் காற்று வந்தது. மேற்கூரையின் நாட்டு ஓடுகள் வரிசை வரிசையாகச் சரிந்து முற்றத்தில் விழுந்து உடைந்தன. ஒன்று மாமாவின் தலையணை மேல் விழுந்தது. அவர் காற்றுச் சத்தம் கேட்டு வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பார்க்க அப்போதுதான் எழுந்து போயிருந்தார். விடிந்து பார்த்தால் தலையணை கிழிந்து பஞ்சு ஈரத்தில் ஊறிக் கிடந்தது. உடைந்த ஓட்டின் ஒரு துண்டு உள்ளே சொருகி நின்றது. அதை இன்றும் வைத்திருக்கிறோம்.

வேதாரண்யத்திலிருந்து காரைக்குடி நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். புயல் கரைக்கு வந்ததிலிருந்து எங்களிடம் வந்து சேரச் சில மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில்தான் நாங்கள் பாதுகாப்பான அறையிலிருந்து ஆபத்தான இடத்துக்கு மாறினோம். எச்சரிக்கை வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வந்த சொல்லை நாங்கள் புரிந்துகொண்ட விதம் வேறு.

ஏன் அப்படிப் புரிந்தது? ‘கட’ என்ற வினையைப் பாருங்கள். எல்லை ஒன்றைத் தாண்டி அப்பால் போவது அதன் அடிப்பொருள். ‘ஆற்றைக் கடந்தான்’ என்றால் ஆறு இப்போது அவனுக்குப் பின்னால் இருக்கிறது. ‘கடந்த வாரம்’ என்றால் முடிந்துபோன வாரம். ‘காலம் கடந்துவிட்டது’ என்றால் இனி வராது. ‘ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ’ என்ற பழமொழியிலும் கடந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றுதான் கணக்கு. எல்லை தாண்டப் பயன்படும் சீட்டுக்குக் ‘கடவுச்சீட்டு’ என்று பெயர் வைத்தோம். இத்தனை பழக்கத்தையும் சுமந்துகொண்டு ‘புயல் கடந்தது’ என்று கேட்கிற காதுக்கு, ‘போய்விட்டது’ என்றுதானே படும்?

தொழிற்பெயராக்கினால் இன்னொரு சிக்கலும் உண்டு. கட, கடக்கிறது, கடந்தது என்பது தன்வினை. கடத்து, கடத்துகிறான், கடத்தினான் என்பது பிறவினை. இரண்டுக்கும் தொழிற்பெயர் ‘கடத்தல்’ என்றே வரும். ‘கடற்கரையில் கடத்தல்’ என்று தலைப்பு வைத்தால் தங்கக் கட்டிதான் நினைவுக்கு வரும். செய்தித்தாள்கள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லைத் தவிர்த்து, ‘கரையைக் கடக்கும்’, ‘கரையைக் கடந்தது’ என்று வினையாகவே எழுதுவது நல்லதுதான்.

‘கரை’ என்ற சொல்லுக்கும் செட்டிநாட்டில் தனி நிறம் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வந்து உள்நாட்டில் குடியேறியவர்கள் என்பது நகரத்தார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. கடல் ஊருக்குள் வந்த நினைவில்தான் வீடுகளை இவ்வளவு உயரமான மேடை மேல் கட்டினார்கள் என்று வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் சொல்வார்கள். ஆனால் இன்று எங்களுக்குக் கரை என்றால் கண்மாய்க்கரை, ஊரணிக்கரை. தொண்டிக் கடற்கரை காரைக்குடிக்கு நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்குள்தான். இருந்தும் கடற்கரை என்பது எங்கள் பேச்சில் ‘அங்கிட்டு’ இருக்கிற இடம். கரையில் நடப்பது அவர்களுக்கு நடப்பது.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். கண்மாய் நிரம்பித் தண்ணீர் கரைக்கு மேலே வழிகிறது என்று ஒருவர் ஓடி வந்து சொன்னால் கீழ்ப்பக்கத்தில் எவரும் தூங்க மாட்டார்கள். மண்வெட்டியும் மணல் மூட்டையுமாக ஓடுவார்கள். ஏனென்றால் அங்கே தண்ணீர் கரையைத் தாண்டினால் நம் பக்கம் வருகிறது என்று அர்த்தம். யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. புயலைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் ‘பக்கம்’ காணாமல் போகிறது.

இதே நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் ‘லேண்ட்ஃபால்’. ‘லேண்ட்’ நிலம். ‘ஃபால்’ என்பதை விழுதல் என்று இங்கே எடுக்கக் கூடாது. நேர்தல், எதிர்ப்படுதல் என்ற பழைய பொருள். 17ஆம் நூற்றாண்டு மாலுமிகளின் சொல் இது. பல நாள் கடலில் போன கப்பல், கணக்குப் போட்டபடியே நிலத்தைக் கண்டால் அதை நல்ல லேண்ட்ஃபால் என்பார்கள். பிறகுதான் புயலுக்கு வந்தது. ஆக, ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது வருகை: கடலில் இருந்தது நிலத்துக்கு வந்து சேர்ந்தது. தமிழில் நாம் எடுத்துக்கொண்டது தாண்டுதல். நிகழ்ச்சி ஒன்றுதான். ஒரு மொழி கதவைத் திறந்து வைக்கிறது, இன்னொன்று சாத்துகிறது. என் பார்வையில் குழப்பத்தின் வேர் இதுதான்.

சொல் சரியாக இருந்தாலும் சிக்கல் முழுதும் தீராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்லாண்டிக் பக்கம் இந்தப் புயல்களை ‘ஹரிக்கேன்’ என்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய ஹரிக்கேன் மையமே தன் சொல்விளக்கத்தில், மிக வேகமான காற்று மையத்தில் இருப்பதில்லை, ஆகவே லேண்ட்ஃபால் நடக்காமலே கடுங்காற்று நிலத்தில் அடிக்கலாம் என்று சொல்கிறது. 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் என்ற ஹரிக்கேன் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் ஏறியது. மிக அதிகமான உயிர்கள் போனது அங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர் வடக்கே, வட கரோலினா மாநிலத்தில். ஆஷ்வில் போன்ற மலை ஊர்கள் மழை வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிதைந்தன. கடலை விட்டு அவ்வளவு தூரத்தில் இருப்பவர் ஹரிக்கேனை நினைத்துக்கூடப் பார்ப்பாரா?

நம் ஊர்க் கணக்கும் அதேதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆந்திரத்தின் பாபட்லா அருகே 5ஆம் தேதி கரையைக் கடந்தது. சென்னை மூழ்கியது அதற்கு முந்தின இரண்டு நாள்களில். 2024இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்தது. கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் அதற்குப் பிறகு ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து உயிர்ப்பலி ஆனது. கடந்த இடம், கடந்த நேரம் இரண்டும் பாதிப்பைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்லும்.

இந்திய வானிலைத் துறைக்கு இது தெரியாமல் இல்லை. புயல் எச்சரிக்கையை நான்கு கட்டமாகத் தருகிறார்கள்: 72 மணி நேரம் முன்னால் ஒன்று, 48 மணிக்கு ஒன்று, 24 மணிக்கு ஒன்று. நான்காவது, கரையைத் தொடுவதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்னால் வருவது. உள் மாவட்டங்களில் என்ன ஆகும், புயல் எந்தத் திசையில் நகரும் என்பதைச் சொல்வதற்கென்றே ஏற்பட்டது அது. எங்களைப் போன்றவர்களுக்கானது. ஆனால் அது அதிகாரிகளின் மேசை வரை வருகிற அளவுக்கு எங்கள் பத்தி வரை வருவதில்லை. எங்கள் காதுக்கு வருவது, “பாம்பனில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது” என்பதுதான். அந்தக் கூண்டுகளும் துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குச் சொல்லப்படும் சேதி. மொத்தம் 11 எண்கள். 10 வரை ஆபத்து பொதுவாக ஏறிக்கொண்டே போகும். 11 என்பது எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கப்பல்காரருக்கு இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்த நமக்கு, கண்மாய்க்கரைக்காரருக்குச் சொல்லத் தெரியாதா?

சொல் புரியாததால் உயிர் போவதற்குப் பெரிய சாட்சி பிலிப்பைன்ஸின் டக்லோபன் நகரம். 2013 நவம்பர் 8ஆம் தேதி ஹையான் புயல் வந்தது. கடல் ஊருக்குள் ஏறும் என்பதை ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்ற ஆங்கிலத் தொடரால் எச்சரித்திருந்தார்கள். பலருக்கு அது என்னவென்றே புரியவில்லை. சுனாமி மாதிரி வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். அந்தப் புயலில் இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 6,300 பேர்.

சரி, ‘லேண்ட்ஃபால்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘கரையேறுதல்’ என்று முதலில் தோன்றும். ஆனால் ‘பொண்ணைக் கரையேத்திட்டேன்’ என்று நிம்மதியோடு சொல்லும் சொல் அது, கரைசேர்தலும் அப்படியே. இரண்டும் வேண்டாம். ‘தரைதட்டுதல்’ கப்பல் மணலில் சிக்குவது. ‘தரையிறங்குதல்’ விமானத்துக்குப் போய்விட்டது. எனக்குப் பிடித்தது ‘தரையேறுதல்’. ‘வெள்ளம் ஏறுது’, ‘தண்ணி ஏறுது’ என்று நாம் தினமும் சொல்கிறோம். ஏறுவது நம்மை நோக்கி வருகிறது என்பது யாரும் விளக்காமலே புரியும். ‘புயல் தரையேறியது’ என்று கேட்டால் பாயைத் தூக்கிக்கொண்டு பத்திக்கு யாரும் வர மாட்டார்கள். ‘நிலத்துக்குள் புகுந்தது’ என்பதும் நல்ல தமிழ்தான், கொஞ்சம் நீளம்.

‘புயல்’ என்ற சொல்லே பொருள் மாறி வந்ததுதான். குறளில் ‘புயல் என்னும் வாரி’ என்று வருகிறதே, அங்கே புயல் உழவனுக்கு வருமானம் தரும் மழை. அந்த மழைச்சொல் இன்று சூறைக்காற்றின் பெயர். அப்படியிருக்க, ‘தரையேறுதல்’ புழக்கத்துக்கு வராது என்று இப்போதே கைவிட வேண்டியதில்லை. அது வரும்வரை ‘கரையைக் கடந்தது’ என்றே சொல்லட்டும். அதோடு நிறுத்தாமல் அடுத்த வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னால் போதும்: “வேதாரண்யத்தில் கரையைக் கடந்தது. இப்போது புதுக்கோட்டை நோக்கி வருகிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் விடியற்காலையில் பலத்த காற்று அடிக்கும். ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் உள்ளறையை விட்டு வர வேண்டாம்.” ஊர்ப் பெயர், நேரம், செய்ய வேண்டிய வேலை.

கஜாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. டிவியில் ‘கரையைக் கடந்தது’ என்று வந்தால் அப்பத்தா உடனே கேட்பார்: “கடந்து எங்கிட்டு வருதாம்?”