சர்ஃபேஸ் ப்ரொப்பெல்லர்: தமிழ்ல 'அரைமூழ்கு உந்துசுழலி'

வேகப்படகு, ரேஸ் போட் பத்தி பேசுறப்ப 'சர்ஃபேஸ் ப்ரொப்பெல்லர்' (படகைத் தள்ளுற ஒரு வகை விசிறி), 'சர்ஃபேஸ் டிரைவ்' (அந்த விசிறிய ஓட்டுற அமைப்பு)னு அடிக்கடி அடிபடும். இதை 'மேற்பரப்பு உந்தி'ன்னு மாத்தினா எனக்கு ஒப்புதல் இல்ல, படிக்கிறவங்களுக்கு விசிறி என்னமோ தண்ணிக்கு மேல மிதந்துட்டு சுத்துதுன்னுதான் தோணும். நிஜத்துல படகு வேகமா ஓடுறப்ப அதோட நடு அச்சு கிட்டத்தட்ட நீர்மட்டத்துல நிக்கும், கீழ்ப்பாதி தண்ணிக்குள்ள, மேல்பாதி காத்துல. ஒவ்வொரு இலையும் சுத்துக்கு ஒரு தடவ தண்ணிய அறைஞ்சுட்டு உள்ள போயி வெளிய வரும்.

ப்ரொப்பெல்லர்ங்கிறது லத்தீன் வேர், 'ப்ரோ'ன்னா முன்னால, 'பெல்லரே'ன்னா தள்ளுறது. அதனால 'உந்து' சரியான வேர்தான், ஆனா 'உந்தி'ன்னு மட்டும் விட்டா நமக்கு கொப்பூழ், ஆறுன்னு பழைய பொருள் எல்லாம் கூடவே வந்துடுது, அதுக்கு 'உந்துசுழலி' தெளிவு. நீர்மூழ்கின்னு ஏற்கனவே எல்லார் வாயிலயும் இருக்கு, அதே போக்குல 'அரைமூழ்கு உந்துசுழலி'ன்னு வச்சா கேட்டவுடனே படம் மனசுல வந்துடும்.

எதுக்கு பாதிய வெளிய வைக்கணும்? வேகம் ஏற ஏற தண்ணிக்குள்ள நீட்டிட்டு இருக்கிற ஷாஃப்ட் (எஞ்சின்ல இருந்து விசிறிக்குப் போற தண்டு), அதைத் தாங்குற கால், எல்லாமே பயங்கரமா இழுத்துப் பிடிக்கும், 40 நாட் (மணிக்கு 74 கிமீ) தாண்டினா அந்த இழுப்புக்கே எஞ்சின் பலம் நிறைய போயிடும். அதையெல்லாம் தண்ணிய விட்டு வெளிய எடுத்துட்டா மிச்சம். இன்னொன்னு, முழுசா மூழ்கின விசிறி ரொம்ப வேகமா சுத்துனா நீராவிக் குமிழ் உண்டாகி, அது உடையுறப்ப இலையையே அரிச்சிடும், இங்க இலை கூடவே காத்தும் உள்ள போறதால அந்த அரிப்பு வர்றதில்ல. கனடாக்காரர் ஆல்பர்ட் ஹிக்மன் 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலயே தன்னோட 'சீ ஸ்லெட்' படகுகள்ல இதைப் பண்ணிட்டார். 1950 ஜூன் 26 அன்னிக்கு சியாட்டில் பக்கத்துல வாஷிங்டன் ஏரியில 'ஸ்லோ-மோ-ஷன் IV'ங்கிற ரேஸ் படகு மணிக்கு 160 மைலுக்கு மேல ஓடி உலக சாதனை வச்சதும் பாதி வெளிய நிக்கிற விசிறியாலதான்.

இப்ப ஓட்டுற விஷயம், 'அரைமூழ்கு'ங்கிற சொல்லோட அருமையே இங்கதான் தெரியும், ஏன்னா இந்தப் படகோட குணம் எல்லாம் அந்தப் பாதியில இருந்துதான் வருது. முழுசா மூழ்கின விசிறியில மேல் இலை ஒரு பக்கம் தள்ளும், கீழ் இலை எதிர்ப்பக்கம் தள்ளும், பெரும்பாலும் ஈடாயிடும். இதுல கீழ்ப்பாதிக்கு மட்டும்தான் தண்ணி. பின்னால நின்னு பாத்தா கடிகாரம் மாதிரி சுத்துற விசிறின்னா கீழ் இலை தண்ணிய இடப்பக்கம் ஒதுக்கும், படகோட அமரம் வலப்பக்கம் போகும், அணியம் இடப்பக்கம் திரும்பப் பாக்கும் (நம்ம கடலோர மக்கள் பேச்சுல அணியம் முன்பக்கம், அமரம் பின்பக்கம், இவ்ளோ நல்ல சொல்லு இருக்கு, எழுதுறவங்க எடுத்துக்கவே மாட்டேங்கிறாங்க). அதனாலதான் பெரிய படகுகள்ல ரெண்டு விசிறி வச்சு எதிரெதிரா சுத்த விடுறாங்க. பக்கவாட்டுல மட்டும் இல்ல, இலை அமரத்தையும் மேல தூக்கும், அப்ப அணியம் கீழ அமுங்கும், ஓட்டுறவர் டிரிம் (படகோட முன்-பின் சாய்வை மாத்துற அமைப்பு) போட்டு அதை சரி பண்ணிட்டே இருக்கணும்.

மெதுவா போறப்பதான் தொல்லை அதிகம். படகு எழும்பி சறுக்க ஆரம்பிக்கிற வரைக்கும் விசிறி முழுசா மூழ்கியே கிடக்கும், எஞ்சின் திணறும், அதுக்காகவே சிலதுல காத்து உள்ள விட குழாய் வைக்கிறாங்க. ரிவர்ஸும் சுமார்தான், இலை ஆப்பு மாதிரி ஒரு ஓரம் கூர்மையா மறு ஓரம் தடியா இருக்கும், முன்னால போகத்தான் செஞ்சது, படகுத்துறையில ஒதுக்குறப்ப இதை நினைவுல வச்சுக்கணும்.

ஸ்டியரிங்னா தமிழ்ல உடனே 'சுக்கான்'னு வந்துடும், அது அரபு மொழியில இருந்து கடல் வணிகத்தோட வந்த சொல்லு, மலையாளத்துலயும் தெலுங்குலயும்கூட இருக்கு. ஷாஃப்ட் அசையாம நிக்கிற வகையில விசிறிக்குப் பின்னால சுக்கான் தனியா உண்டு, அங்க அந்தச் சொல்லு பொருந்தும். ஆனா அமெரிக்காக்காரர் ஹோவர்ட் ஆர்னசன் கொண்டு வந்த டிரைவ்ல விசிறியே ஒரு பந்து மூட்டுல இடமும் வலமும் திரும்பும், மேல கீழயும் போகும், தனிச் சுக்கான் கிடையாது, அடியில மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு மட்டும் நேரா ஓட உதவும். அதை 'திருப்பு உந்துசுழலி'ன்னு சொல்றதுதான் சரி. அப்படிச் சொன்னா ஓட்டக் கத்துக்கிறவருக்கும் விளங்கும்: திருப்புறதே விசிறியோட தள்ளுதான், வளைவுல பயந்துபோய் திராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடி) சடார்னு விட்டா திருப்புற பலமும் பெரும்பாலும் அதோட போயிடும்.