ஏரிதானே என்று பியரில் (நீருக்குள் நீளும் மேடையில்) ஏறாதீர்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கு முதல்முறை வரும் நம் ஆட்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இதுவா ஏரி? எதிர்க்கரை தெரியாது, அகலம் 190 கிலோமீட்டர் வரை போகும். ஆனாலும் உப்பில்லை, சுறா இல்லை என்றதும் ‘ஏரிதானே’ என்ற அலட்சியம் தானாக வந்துவிடுகிறது.

ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள கிராண்ட் ஹேவன் பக்கம் அந்திநேரப் படங்கள் எடுப்பதுதான் என் பிழைப்பு. இங்கே ஒரு சிக்கல் உண்டு. குளிர்காற்று வடமேற்கிலிருந்து புகுந்து மேகத்தைக் கலைத்துப்போடும் நாளில்தான் வானம் மனதை அள்ளிக்கொண்டு போகும், அதே காற்றுதான் அலையையும் கிளப்பிவிடும். அதாவது நல்ல படம் கிடைக்கிற நாளும் ஆபத்தான நாளும் பெரும்பாலும் ஒரே நாள். கடலில் அலைக்கு அலை எட்டு, பத்து விநாடி கிடைக்கும். இங்கே நாலைந்துதான், ஒன்று அடித்து நீங்கள் எழுந்து நிற்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

சிவப்புக் கலங்கரை விளக்கம் வரை நீளும் அந்தக் கான்கிரீட் பியரில் நின்று எடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. வேண்டாம். அலை அதன் மேலேறி ஓடும்; விழுந்தால் பியரை ஒட்டி ஓடும் நீரோட்டம் ஏரிக்குள் இழுத்துப் போகும், நீச்சல் தெரிந்தவரையும். 1954 ஜூன் 26 அன்று சிகாகோவில், இதே ஏரிதான், புயல் கடந்துபோன பிறகு வந்த ஒரே அலை கரையோரம் இருந்த எட்டுப் பேரைக் கொண்டுபோனது.

நான் ஏமாந்தது மணலில். ஃபில்டரை மாட்டக் குனிந்தேன், திரும்பிய தண்ணீர் டிரைபாடின் ஒரு காலுக்கு அடியில் மணலை அரித்துவிட்டது, கேமரா போச்சு. வியூஃபைண்டரில் கண் இருக்கும்போது அலை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. இப்போது மனைவியும் கூட வருகிறாள், அலையைப் பார்ப்பது அவள் வேலை. (பாதி நேரம் போனைப் பார்க்கிறாள், அது வேறு கதை.)

அப்புறம், பியருக்குப் போகாமலே நல்ல படம் வரும். கரையில் தள்ளி நின்று தூரத்தைக் கிட்டே காட்டும் 200 மில்லிமீட்டர் லென்ஸில் பாருங்கள், அலை கலங்கரை விளக்கத்தையே விழுங்குவது போலத் தெரியும். ஷட்டர் வேகம் 1/1000 விநாடி. வெயில் சாய்ந்து அலைக்குப் பின்னாலிருந்து விழும்போது தண்ணீர் கண்ணாடி போலப் பச்சையாக ஒளிரும், அதற்காகவே காத்திருக்கலாம். ஆனால் பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸில் விழும் ஒளியே வியூஃபைண்டர் வழியே கண்ணுக்கு வரும் கேமரா) என்றால் பெரிய லென்ஸ் வழியே சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கண் போய்விடும்; திரையில் பாருங்கள்.

ஜூனில் சூரியன் இறங்கவே இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. இறங்கியதும் கூட்டம் கிளம்பிவிடும், நீங்கள் இன்னும் இருபது நிமிடம் இருங்கள். ஷட்டரை அரை விநாடிக்குக் கொண்டுவந்தால் திரும்பும் தண்ணீர் மணலில் கோடு கோடாக இழுபடும். லென்ஸில் தெறித்த நீரைச் சட்டென்று துடைக்க வேண்டாம், அதில் மணல் இருக்கும். முதலில் ஊதுங்கள், பிறகு துணி.