கடனீரேரி, காயல், கழி: லகூனுக்கு உரிய தமிழ்ச் சொல் எது?

இலங்கையின் தமிழ்ப் புவியியல் பாடநூல்களில் ‘கடனீரேரி’ என்றொரு சொல் வழங்குகிறது. அதை முதன்முறை காண்பவர் ‘கடன்’ என்று பிரிக்கத் தொடங்கி, எஞ்சியதை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பது இயல்பு. கடல், நீர், ஏரி என்னும் மூன்று சொற்கள் சேர்ந்தது அது. லகர ஈற்றை அடுத்து வரும் நகரம் னகரமாகத் திரிந்து லகரமும் மறைவதால், ‘கடல்நீர்’ என்பது ‘கடனீர்’ ஆகிறது. புணர்ச்சி இலக்கணப்படி இதில் குறையில்லை. ஆயினும் வாசிப்பவரை முதல் அடியிலேயே இடறச் செய்யும் கலைச்சொல் நல்ல கலைச்சொல்லா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. அதனாலேயே பலர் ‘கடல்நீரேரி’ என்று புணர்க்காமல் எழுதுகின்றனர்.

இச்சொல் குறிக்கும் நிலத்தோற்றம் இதுதான்: கடலோரமாக மணல்மேடோ ஒடுங்கிய நிலத்துண்டோ நீண்டு கிடக்க, அதன் உட்புறத்தில் ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு ஒன்று அடைபட்டிருக்கும், ஒன்றோ சிலவோ ஆன வாய்களின் வழியே அது கடலோடு தொடர்பு கொண்டிருக்கும். இதையே ஆங்கிலத்தில் ‘லகூன்’ என்கின்றனர். அச்சொல் இத்தாலியரின் ‘லகூனா’விலிருந்து வந்தது, வெனிஸ் நகரைச் சூழ்ந்த நீர்ப்பரப்பின் பெயராகவே அது உலகெங்கும் பரவியது. அதற்கும் மூலமான இலத்தீன் ‘லகூனா’வுக்குக் குழி, குட்டை, இடைவெளி என்று பொருள். ஏட்டில் சிதைந்துபோன இடத்தைக் குறிக்கவும் அதே இலத்தீன் சொல்லைத்தான் அறிஞர்கள் பயன்படுத்துகின்றனர்.

லகூன் என்ற ஒற்றைச் சொல் இரு வேறு பொருள்களைச் சுமப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இலட்சத்தீவிலும் மாலைத்தீவிலும் வளையமாக வளர்ந்த பவளப் பாறைக்குள் அடங்கிய கடற்பரப்பும் லகூன் எனப்படுகிறது. பிரெஞ்சு மொழி கடலோரத்ததை ‘லகூன்’ என்றும் பவளத்தீவினதை ‘லகோன்’ என்றும் பிரித்துவிட்டது, ஆங்கிலம் பிரிக்கவில்லை. ஆற்று வண்டலும் மழைநீரும் வந்து சேரும் கடலோர நீர்ப்பரப்புக்கும், ஆறே இல்லாத பவளத்தீவின் உட்கடலுக்கும் நீரின் இயல்பில் பொதுவானது மிகக் குறைவு. ஆகவே இக்கட்டுரை முன்னதைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

தமிழுக்கு இந்த நீர்ப்பரப்பு புதிதன்று. நெய்தல் திணைப் பாடல்களில் ‘கழி’ என்ற சொல் வராத பக்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கருங்கழி, இருங்கழி, மாக்கழி என்று கருமையும் பெருமையும் சேர்த்தே புலவர்கள் அதைச் சொன்னார்கள். அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார் உப்பு விளையும் இடத்தை ‘இருங்கழிச் செறு’ என்கிறார். செறு என்றால் வயல். அந்த வயலில் உழாமலே விளைவது வெண்கல் உப்பு. கழியில் உப்பு விளையும் முறையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை என்பேன். கடல்நீர் ஒரு கிலோவில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. வெயிலில் அந்நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும் நிலையிலேயே சோற்றுப்பு படியத் தொடங்கும். ஆழம் குறைந்து, அகன்று, காற்றுக்கும் வெயிலுக்கும் திறந்து கிடக்கும் கழியில் அது தானாகவே நிகழும். ஆறு கடலில் கலக்கும் இடத்தைக் ‘கழிமுகம்’ என்றும், உவர்நீர் நிற்கும் கிளைகளை ‘உப்பங்கழி’ என்றும் இன்றும் வழங்குகிறோம்.

‘காயல்’ மற்றொரு சொல். மலையாளத்தில் அது அன்றாடச் சொல்லாக வாழ்கிறது: வேம்பநாட்டுக் காயல், அஷ்டமுடிக் காயல். தமிழ்நாட்டில் அது ஊர்ப்பெயர்களில் தங்கிவிட்டது. தாமிரபரணி முகத்தருகே பழைய காயல் இருக்கிறது. சற்றுத் தெற்கே காயல்பட்டினம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ ‘கயில்’ என்று குறித்த துறைமுகம் பழைய காயலே என்று கால்டுவெல் கருதினார். முதலில் கொற்கை, பிறகு காயல் என்று துறைமுகங்கள் இடம் மாறியதற்குத் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலே காரணம். இன்று அந்த ஊர்கள் கடலிலிருந்து உள்வாங்கி நிற்கின்றன. நீர்ப்பரப்பு தூர்ந்த பிறகும் பெயர் எஞ்சியிருப்பதால், ‘காயல்’ என்ற ஊர்ப்பெயரை அங்கே ஒருகாலத்தில் இருந்த நிலத்தோற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

ஈழத்தில் ‘களப்பு’ என்பதும் உண்டு. மட்டக்களப்பு, புத்தளம் களப்பு என்னும் வழக்குகளில் அதைக் காணலாம். சிங்களத்தின் ‘களப்புவ’ இதற்கு இணையான சொல். மட்டக்களப்பின் நீர்ப்பரப்பையே அவ்வூர் மக்கள் ‘வாவி’ என்பதும் உண்டு. ஆனால் வாவி என்பது பழைய வழக்கில் குளத்துக்கும் நீர்நிலைக்கும் பொதுவான சொல்லாதலால் கலைச்சொல்லாக அது உதவாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வழக்கு இவற்றைவிடச் சுவையானது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத அந்த நிலத்தில், உவர்நீர்ப் பரப்புகளே ‘ஆறு’ என்று பெயர் பெற்றன. வடமராட்சிக் கடனீரேரி வடக்கே கடலைச் சந்திக்கும் இடம் தொண்டைமானாறு; அதன் தெற்குத் தொடர்ச்சி உப்பாறு. சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்வதற்காக அவ்வாய்க்காலை வெட்டுவித்தான் என்பது செவிவழி மரபு. குடாநாட்டையும் இலங்கையின் பெருநிலமான தலைநிலத்தையும் பிரிக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பின் கரையில் ஆனையிறவு. ‘இறத்தல்’ என்றால் பழந்தமிழில் கடந்து செல்லுதல்; இறந்தகாலம் என்பதில் அப்பொருள் இன்னும் இருக்கிறது. யானைகளை நீரைக் கடக்கச் செய்து கொண்டுவந்த இடம் என்ற விளக்கம் அதனால் பொருந்துகிறது. மேற்கே தீவுகளுக்கு இடையே பாக்கு நீரிணைப் பக்கம் திறந்திருக்கும் யாழ்ப்பாணக் கடனீரேரியின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். அங்கே மீன்பிடிப்பவர்கள் அதைப் பரவைக்கடல் என்பார்கள்.

இந்த நீர்ப்பரப்புகளின் வரலாறு உண்மையில் உப்புக்கும் நன்னீருக்கும் இடையிலான இழுபறியின் வரலாறு. குடாநாடு சுண்ணாம்புப் பாறையால் ஆனது. வடகீழ்ப் பருவமழை பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லை போல மிதக்கிறது. நன்னீரைவிட உவர்நீர் அடர்த்தி மிக்கது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை அது நிற்கும் என்பது கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அபாயம் விளங்கும்: கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்தினால், உவர்நீர் காலப்போக்கில் அதன் 40 மடங்கு மேலேற இடமுண்டு. நிலத்தின் நடுவே உவர்நீர்ப் பரப்புகள் ஊடுருவிக் கிடப்பதால், கடற்கரையிலிருந்து தள்ளியுள்ள ஊர்களுக்கும் இந்த அச்சம் உண்டு.

மழைக்காலத்தில் தலைநிலத்திலிருந்து கனகராயன் ஆறு பெருவெள்ளத்தோடு ஆனையிறவுக் கடனீரேரியில் விழுந்து, கிழக்கே சுண்டிக்குளம் வழியாகக் கடலுக்குப் போய்விடும். கோடையில் அதே இடம் வறண்டு உப்புப் பூக்கும். இந்நீரைத் தடுத்துக் குடாநாட்டுக்குள் திருப்ப வேண்டும் என்று முன்பே பலர் எண்ணியதுண்டு. அதை முழுத் திட்டமாக 1954இல் வகுத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று அது பெயர் பெற்றது. ஆனையிறவில் மேற்குப் பக்கத்தை அடைப்பது, சுண்டிக்குளத்தில் மிகைநீர் வழிவதற்கு இடம்விட்டு அணைகட்டுவது, நடுவிலுள்ள நிலத்தை வெட்டி முள்ளியான் வாய்க்கால் மூலம் நன்னீரை வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்வது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகளால் கடலைத் தடுப்பது என்பவை அதன் கூறுகள். கதவணைகளும் அணையும் எழுந்தன. முள்ளியான் வாய்க்கால் முழுமை பெறவில்லை. சுண்டிக்குளம் அணை உடைந்தது. பிறகு வந்த போர்க்காலத்தில் பராமரிப்பும் நின்றுபோனது.

சொல்லாராய்ச்சியில் அணைக்கட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ‘ஏரி’ என்ற சொல்லின் மீது எனக்குள்ள ஐயம் அங்கேதான் பிறக்கிறது. தமிழில் ஏரி என்றால் கரையும் மதகும் மிகைநீர் வழியும் கலிங்கும் உடையது. மனிதர் கட்டி, நீரைத் தேக்கி, வயலுக்குத் திறந்துவிடுவது. கழியோ வாய் திறந்திருக்கும் வரையில்தான் கழி. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் அந்த வாயின் வழியே உள்ளே வந்து, உப்பு மட்டான நீரில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். வாயை அடைத்தால் கிணறுகளுக்கு நன்மை வரலாம், இறாலுக்கு வராது. ஆறுமுகத்தின் திட்டம் கடனீரேரியை உண்மையிலேயே நன்னீர் ஏரியாக மாற்ற எண்ணியது. அந்த நிலத்தின் தாகத்தை அறிந்தவர் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அது ஒரு மாற்றம், ஏற்கெனவே இருந்த ஏரியைச் சீர்செய்வது அன்று. ‘ஏரி’ என்ற பெயர் அந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

வேம்பநாட்டுக் காயலுக்குக் குறுக்கே குட்டநாட்டு நெல்லுக்காகத் தண்ணீர்முக்கம் தடுப்பணை கட்டப்பட்டபின், உப்புப் புகாத தென்பகுதியில் ஆகாயத்தாமரை பெருகி மீன்வளம் சுருங்கியதையும், ஒடிசாவின் சிலிகாவில் மணல் மூடிய வாய்க்கு மாற்றாக 2000இல் புதிய வாய் வெட்டியதும் உப்பும் மீனும் திரும்பியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். சிலிகாவையும் பழவேற்காட்டையும் நம் செய்தித்தாள்கள் இன்னும் ஏரி என்றே எழுதுகின்றன. பழவேற்காட்டின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும்போது மீனவர்கள் அதைத் திறந்துவிடக் கோருகிறார்கள். ஏரி என்று படித்துப் பழகிய நகரத்து வாசகருக்கு அந்தக் கோரிக்கை எளிதில் விளங்குவதில்லை.

ஆகவே கடலோர லகூனுக்குப் பொதுக் கலைச்சொல்லாகக் ‘காயல்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். அது குறுகிய சொல், உயிரோடுள்ள சொல். காயல்வாய், காயல்நீர், காயல்மீன் என்று தடையின்றிக் கூட்டுச்சொற்கள் பிறக்கும். ஒடுங்கி வளைந்து செல்லும் உவர்நீர்க் கிளைகளுக்குக் ‘கழி’ அல்லது ‘உப்பங்கழி’ இருக்கட்டும். சதுப்பும் அலையாத்தியும் சூழ்ந்த பிச்சாவரத்துக்கு அதுவே பொருந்தும். ஈழத்தில் கடனீரேரி என்பது பாடநூலிலும் அரச ஆவணங்களிலும் வேரூன்றிவிட்டதால் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. புணர்க்காமல் எழுதினால் போதும். இடப்பெயர்களை மட்டும் எந்தக் கலைச்சொல்லுக்காகவும் திருத்தக் கூடாது. தொண்டைமானாறு வரைபடத்தில் ஆறாகவே இருக்கலாம். அது காயல் என்பதை விளக்கக் குறிப்பில் ஒரு சொல் சேர்த்துச் சொல்லிவிடலாம்.