மண் டெஸ்ட் எடுத்தாச்சு, சரி. எதற்காக எடுத்தார்கள்?

"மண் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், ஃபிளாட் வாங்க வருகிறவர் அதற்கு மேல் கேட்பதில்லை. சேலத்தில் பல வருடங்களாக அந்த டெஸ்ட்டை எடுத்துக் கொடுக்கிறவன் நான். அந்த அறிக்கை, மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைச் சொல்லும். சல்பேட், குளோரைடு பார்ப்போம். அதுகூட கான்கிரீட்டும் கம்பியும் கெடாமல் இருக்கத்தான். அங்கே குடியிருக்கப் போகிறவரின் உடம்புக்கு என்ன ஆகும் என்று யாரும் தனியாகக் கேட்காவிட்டால் நாங்களும் பார்ப்பதில்லை.

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்துக்குள் நுழைந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. நூலுக்கும் துணிக்கும் சாயம் போட நல்ல தண்ணீரும் வேண்டும், போட்ட தண்ணீரை விட இடமும் வேண்டும். அதனால்தான் ஆற்றோரமும் ஓடையோரமும் சாயப் பட்டறைகள் வந்தன. ஊர் வளர்ந்துவிட்டது, பல பட்டறைகள் மூடிவிட்டன. அன்று ஊருக்கு வெளியே கிடந்த நிலம் இன்று நடு ஊர். அங்கே இப்போது 'ரிவர் வியூ' என்று பலகை நிற்கிறது.

அப்படி ஓர் இடத்தில் மண் மாதிரி எடுக்க போர் (துளை) போடப் போனோம். பழைய சாயப் பட்டறை. கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் வசதியோடு அடுக்குமாடி வரப்போகிறது. முன்பு அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அந்த மூலையில போட்டுப் பாருங்க. சாயத் தண்ணி தேக்குன தொட்டி அங்கதான் இருந்துச்சு. மூடுறப்ப மண்ணத் தள்ளி மூடிட்டாங்க" என்றார். எங்கள் வரைபடத்தில் அந்த மூலையில் புள்ளி இல்லை. சும்மா ஒன்று போட்டோம்.

எட்டடிக்குக் கீழே மண் மாதிரி எடுத்த குழாயைப் பிரித்தால், நம் ஊர் செம்மண்ணுக்கு நடுவே ஒரு சாண் கனத்துக்கு மைநீலச் சேறு. அழுகிய முட்டை நாற்றம். சாயம் பிடிக்கக் கொட்டும் கிளாபர் உப்பு ஒரு சல்பேட். காற்றில்லாத சேற்றில் அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறும், நாற்றம் அதனால்தான். உதவிக்கு வந்த பையனின் விரலிடுக்கில் நீலம் இரண்டு நாள் போகவில்லை. ஊறி வந்த தண்ணீரில், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் லிட்டருக்கு 4,000 மில்லிகிராமைத் தாண்டியது. குடிநீருக்கு 500 நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தரநிலை. குரோமியம், ஈயம் எல்லாம் மீட்டரில் தெரியாது. ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் தெரியும்.

கட்டுகிறவரிடம் சொன்னேன். "பாரம் தாங்குமா, தாங்காதா? அத மட்டும் சொல்லுங்க சார்." பைல், அதாவது ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண், போட்டால் தாங்கும். 'கருநீலக் களிமண், துர்நாற்றம்' என்று போர் லாக்கில், அதாவது எந்த ஆழத்தில் என்ன மண் என்று எழுதும் தாளில், ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆனால் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்துக்குத்தான் சுற்றுச்சூழல் அனுமதி. நான் டெஸ்ட் எடுக்கும் அடுக்குமாடிகளில் முக்கால்வாசி அந்தக் கோட்டுக்குக் கீழே. மாசுபட்ட நிலங்களுக்கென்று 2025-இல் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. ஆனால் சந்தேகத்துக்குரிய இடம் என்று முதலில் பட்டியலில் ஏற வேண்டும். மண் தள்ளி மூடிய தொட்டியை யார் ஏற்றுவார்கள்?

ஆகவே வாங்குகிறவர்தான் தோண்டிக் கேட்க வேண்டும். மூலப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படியுங்கள். 'சாயப் பட்டறை, கிணறு, மோட்டார் சர்வீஸ் உள்பட' என்று பழைய பத்திரங்களில் எழுதியிருப்பார்கள். வக்கீல்கள் வில்லங்கம் பார்ப்பார்களே தவிர இந்த வரியில் நிற்பதில்லை. கூகுள் எர்த்தில் பழைய வருடங்களுக்குத் தள்ளிப் பார்த்தால் தொட்டிகள் தெரிந்தாலும் தெரியும். புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகை எழுதியிருக்கும் வருவாய்த்துறைப் பதிவேடு) வாங்கி, மனைக்குள் ஓடை புறம்போக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலை இருந்த இடமென்றால் கதை வேறு: புதைத்த மரவள்ளிக் கிழங்குத் தோல் மட்கி, வாயு வரும், தரை இறங்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், கன உலோகங்களும் சேர்த்துப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.

அப்புறம், யாருமே கேட்காத ஒன்று. கீழ்த்தளத்துக்குத் தோண்டிய மண் எங்கே போனது? அந்த மனையில் லாரி டிரைவரிடம் கேட்டேன். ஊருக்கு வெளியே பள்ளமான ஒரு லேஅவுட்டை மேடாக்கப் போகிறதாம். "லோடு நல்ல விலைக்குப் போகுதுங்க சார், கருப்பா இருக்கறதால செடி நல்லா வரும்னு கேட்டு வாங்குறாங்க" என்றார்.