லீவுக்கு வேலைக்குப் போன பிள்ளை ஜூனில் பள்ளிக்குத் திரும்புவானா?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் திருப்பூரில் பிள்ளைகள் பலர் பனியன் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிசிறு வெட்டுவது, பீஸ் அடுக்கிக் கட்டுவது, கைமடிப்பது. மே கடைசியில் அவர்களில் சிலரை என் கிளினிக்கில் பார்ப்பேன்.

போன வருடம் வந்த பையனுக்குப் பதினைந்து வயது. கழுத்துவலி, தலைவலி. "லீவுல சும்மா போனை நோண்டிட்டு இருப்பானேன்னு பவர் டேபிளுக்கு அனுப்புனேனுங்க டாக்டர்" என்றார் அம்மா. பவர் டேபிள் என்றால் மெஷினில் பனியன் தைக்கும் பட்டறை. எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று கேட்டேன். ஒன்றரை ஷிப்டாம். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. பன்னிரண்டு மணி நேரம் குனிந்தே இருக்கிற கழுத்துக்கு மாத்திரை என்ன செய்யும்?

வேலையே கூடாது என்று நான் சொல்வதில்லை. முதல் சம்பளத்தில் தங்கைக்குச் செருப்பு வாங்கியதைச் சொல்லும்போது அந்தப் பையன் முகம் அப்படி மலர்ந்தது. காசின் அருமை, பெரியவர்களிடம் பேசும் தைரியம், நேரத்துக்குப் போகும் பழக்கம் எல்லாம் அவனுக்கு வந்திருந்தன.

ஆனால் எனக்குப் பயமே அந்தச் சனிக்கிழமைச் சம்பளம்தான். வாராவாரம் கையில் காசு பார்த்தவனுக்குப் பதினொன்றாம் வகுப்பு வீணாகத் தெரியும். வீட்டிலும் அதை நம்பிச் சீட்டுப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அவனே படிக்க ஆசைப்பட்டாலும் வேலையை நிறுத்த முடியாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பதே குற்றம். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கும் நடிப்புக்கும் மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. 14 முதல் 18 வரை, பட்டாசு போன்ற அபாயமான தொழில் கூடாது. கடை, சிறு பட்டறை வேலை என்றாலும் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. ஓய்வையும் சேர்த்து ஆறு மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை வேலையும் கூடாது, ஓவர்டைமும் கூடாது. ஒன்றரை ஷிப்ட் இருக்கட்டும், ஒரு ஷிப்டே இதில் அடங்காது.

அந்த அம்மாவிடம் இரண்டு விஷயம் சொன்னேன். நாளைக்கே பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையை முடித்துவிடுங்கள். அவன் சம்பளத்தை வீட்டுச் செலவில் சேர்க்காமல் அவன் பெயரில் அஞ்சலகத்தில் போடுங்கள். "சீட்டு ஏற்கெனவே போட்டாச்சுங்களே" என்றார். சரி, அந்தத் தவணைக்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினோம்.

பதினான்கு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை வேலை செய்வதைப் பார்த்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.