டிஸ்க் போட்டால் மட்டும் கார் நிற்காது, தம்பிமாரே

போன கிழமை முறிகண்டிக்குக் கிட்ட, ஏ9 றோட்டைக் கடந்துகொண்டிருந்த மாட்டுப்பட்டியில் மோதாமல் தப்பி, ஒரு மொறிஸ் மைனர் கரைப் பற்றைக்குள் இறங்கியது. கல்யாண வீட்டுக்குப் பூக்கட்டி வந்த கார். நல்ல காலம், மாப்பிள்ளை பொம்பிளை ஏறியிருக்கவில்லை. பிறேக் பெடல் தரைமட்டும் போய்விட்டதாம். இந்த வருசம் என்னிடம் இப்படி வந்த மூன்றாவது கார் இது. மூன்றுக்கும் முன்சில்லில், பழைய ட்ரம் பிறேக்குக்குப் பதிலாகப் பூட்டிய புது டிஸ்க் பிறேக். மூன்று பேரும் சொன்னது ஒரே கதை: "டிஸ்க் போட்டாச்சு அண்ணை, இனிப் பயமில்லை."

பயம் எனக்குத்தான்.

ஆசை விளங்குகிறது. போர்க்காலப் பெற்றோல் தடையில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. இடம்பெயர்வுகளில் தப்பி மிஞ்சிய அப்பாவின் ஒஸ்டினையோ மைனரையோ வெளிநாட்டுக் காசில் திருத்தி ஓடவேண்டும் என்று பொடியள் நினைப்பதில் பிழையில்லை. 2020 தொடக்கம் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய காருக்கு மவுசும் கூடிவிட்டது. ஏ9இல் பின்னால் வருகிற வான்காரன் பறக்கிறான், அதுவும் உண்மை.

ஆனால் ஒன்றைக் கோபிக்காமல் கேளுங்கள். காரை நிற்பாட்டுவது டிஸ்க்கும் இல்லை, ட்ரம்மும் இல்லை. ரயர். பிறேக் சில்லைத்தான் பிடிக்கும். றோட்டைப் பிடிப்பது ரயர். ட்ரம் பிறேக்கை ஓங்கி அமத்தினால் சில்லு இறுகி ரயர் கீச்சிடுகிறதா? அப்படியென்றால் அந்த ட்ரம்முக்கு வேண்டிய பலம் இருக்கிறது. அதே ரயரோடு டிஸ்க் போட்டால் கார் ஒரு முழம்கூட முன்னதாக நிற்காது. முறிகண்டிக் காரின் ரயர் பக்கத்தில் நாலு இலக்கம்: 2311. 2011ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. வாங்கியபடியே ரயர்ப் பூ அழியாமல் இருக்கிறது என்று பெருமை வேறு! றப்பர் கல்லாகிப் போயிருந்தது.

சொன்னாலும் விடமாட்டார்கள். "அண்ணை, புதுக்கார் எல்லாத்துக்கும் டிஸ்க்தானே?" ஓம், அதோடு எஞ்சின் பலத்தால் மிதிக்கு உதவுகிற பூஸ்டரும் இருக்கிறது. மைனரின் முன் ட்ரம்முக்குள் சுற்றுகிற ட்ரம்மே, உள்ளிருந்து அதில் உரசுகிற இரண்டு பிறேக் சூவையும் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. பூஸ்டர் இல்லாமல் பூட்டினால் முந்தியைவிடப் பலமாக மிதிக்கவேண்டும். டிஸ்க்கின் உண்மையான நன்மை சூடு தாங்குவதும், நனைந்தால் கெதியில் காய்வதும். எங்களிடம் நுவரெலியா இறக்கமா இருக்கிறது? மாரியில் குளம் வான்பாய்ந்து றோட்டுக்கு மேலால் தண்ணி ஓடும்போது டிஸ்க் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் போடுகிறீர்கள் என்றால் முறையாகப் போடுங்கள்.

அந்தக் காருக்கு நடந்தது இதுதான். டிஸ்க் மாற்றினார்கள், காலடித் தட்டுக்குக் கீழே கிடக்கும், மிதிக்கும்போது பிறேக் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்ரர் சிலிண்டரை மாற்றவில்லை. அதற்குள் இருக்கும் சின்ன வால்வு பைப்பில் எப்போதும் கொஞ்ச அமுக்கத்தை வைத்திருக்கும். ட்ரம்மில் சூவை ஸ்பிரிங் திருப்பி இழுத்துவிடும். டிஸ்க்கில் இழுக்க ஸ்பிரிங் இல்லை, அதைப் பிடிக்கிற பாட் உரசிக்கொண்டே ஓடும். பரந்தனிலிருந்து உரசி வந்து டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. ஒயிலோ எத்தனை வருசத்துப் பழசோ. டொட் 4 வகைப் பிறேக் ஒயில் புதிதில் 230 பாகைக்கு மேல்தான் கொதிக்கும்; தண்ணி உறிஞ்சிய பிறகு 155 அளவிலேயே கொதித்துவிடும். கொதித்து ஆவி வந்தால் பெடல் வெறுமையாகத் தரைக்குப் போகும்; மிச்சம் உங்களுக்கே விளங்கும்.

வால்வைக் கழற்றி எறிந்தால் சரி என்றும் ஒரு கூட்டம் இருக்கிறது. மைனரில் மாஸ்ரர் சிலிண்டர், பாட்டை அமத்துகிற கலிப்பரைவிடப் பதிவாக இருப்பதால் ஒயில் கீழே வடிந்து, முதல் மிதி வெறுமையாகப் போகும். இதற்கென்றே 2 பிஎஸ்ஐ அமுக்கம் மட்டும் வைத்திருக்கும் வால்வு இருக்கிறது, அதைப் போடுங்கள். பூஸ்டர் பூட்டினால் பின் பிறேக்குக்கும் பலம் கூடும், அதையும் பாருங்கள். பின்சில்லு முதலில் இறுகினால் கார் சுழன்றுவிடும்.

கலிப்பர் பிடிக்கும் தகட்டை, சில்லு சுழலுகிற ஸ்டப் அக்சிலில் வெல்டிங் பண்ணிக்கொண்டு என்னிடம் வரவேண்டாம். தொடவே மாட்டேன். ஹார்ட்வெயார்க் கடை நட்டு போல்ட் கூடாது, தலையில் 8.8 அல்லது 10.9 என்று பலத்தின் இலக்கம் பொறித்தது வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் செப்புக் குழாய் பிறேக்குக்கு இல்லை. பிறேக்குக்கு எஞ்சின் ஒயில் ஊற்றினால் றப்பர் எல்லாம் ஊதிப் போகும். பூஸ்டர் போட்ட காரை எஞ்சினை நிற்பாட்டி உருளவிடாதீர்கள், பெற்றோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் இங்கே உதவாது. (மைனர் வைத்திருப்போர் முன்சில்லைத் தாங்குகிற ட்ரனியன் மூட்டுக்குக் கிறீஸ் அடிக்கிறீர்களா? அது கழன்று சில்லு மடிந்தால் எந்தப் பிறேக்கும் கணக்கில் இல்லை.)

தயவுசெய்து, டிஸ்க்குக்குக் காசு எண்ணமுன்னம் இருக்கிற ட்ரம்மை ஒருதரம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். புது வீல் சிலிண்டர், புது சூ, புது ஒயில், நல்ல ரயர் நாலு. மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றிலும் சூவைச் சரிபண்ணுகிற அட்ஜஸ்டர் இரண்டு இருக்கிறது. ஒன்றைத் திருகிவிட்டு மற்றதை மறந்த கார்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன.

முறிகண்டித் தம்பியிடமும் அதையே சொன்னேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். "சரி, கழற்றின ட்ரம் ரெண்டையும் கொண்டு வாரும்" என்றேன்.

"பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் குடுத்திட்டன் அண்ணை."

இப்போது வவுனியாவரை ட்ரம் தேடிக்கொண்டிருக்கிறோம்.