வால்வ் ரிலீஃப்: பிஸ்டன் தலையில் ஒரு வழிவிடு குழி

என் பழைய பைக்கின் எஞ்சினை முதன்முறை பிரித்துப் போட்டிருந்தபோது, சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் தலையில் இரண்டு பிறைகளைப் பார்த்தேன். ஒன்று பெரியது, மற்றது கொஞ்சம் சிறியது. தேய்மானம் என்றுதான் நினைத்தேன். மெக்கானிக் அண்ணன் அதை விரலால் தடவிக் காட்டி, "தேய்ஞ்சது இல்ல தம்பி, வால்வ் பாக்கெட். வால்வ் இடிக்காம இருக்க வெட்டி வெச்சது" என்றார். புத்தகங்களில் அதற்கு வேறு பெயர்: வால்வ் ரிலீஃப். இதோடு ஒட்டிய மூன்று சொற்களும், அதாவது வால்வு, பிஸ்டன், ரிலீஃப், எங்கிருந்து வந்தன, தமிழில் இதை எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம்.

முதலில் பொருள். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில், எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் முழுவதும் மூடியிருக்காது. அதற்குள், காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து கொஞ்சம் திறந்திருக்கும் அந்த நேரத்தில்தான் பிஸ்டனும் உச்சியில் நிற்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் பிஸ்டன் நொடிக்கு 100 முறை உச்சிக்கு வரும். அதில் 50 முறை வால்வுகள் இப்படித் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு முறை இடித்தாலும் வால்வு வளையும், பிஸ்டனில் ஓட்டை விழவும் கூடும். அதைத் தவிர்க்கத்தான் பிஸ்டன் தலையில் வால்வின் வட்டத்துக்கு ஏற்றபடி ஒரு குழி. அதுதான் வால்வ் ரிலீஃப்.

வால்வு என்பதன் மூலம் லத்தீன் 'வால்வா'. பொருள், மடிப்புக் கதவின் ஒரு பலகை. 'வோல்வெரே', அதாவது சுழலுதல், உருளுதல் என்ற வினையோடு உறவுடையது என்பார்கள். ஆங்கிலத்தில் முதலில் கதவுப் பலகையைக் குறித்து, பிறகு உடலுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்புகளைக் குறித்து, அதன் பிறகே எந்திரத்துக்கு வந்தது. நம் பாடநூல்கள் இதயத்தில் 'ஈரிதழ் வால்வு', 'மூவிதழ் வால்வு' என்று எழுதுகின்றன. அந்த 'இதழ்' கதவுப் பலகை என்ற மூலப் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. 'ஓரதர்' என்ற சொல்லாக்கமும் உண்டு. அதர் என்றால் வழி, ஒருபக்கம் மட்டும் போகவிடும் வழி. அழகான சொல்தான். ஆனால் சைக்கிளின் வால் டியூபில் தொடங்கி வால்வு ரேடியோ வரை மூன்று தலைமுறையாக நம் வாயில் புழங்கிவிட்ட 'வால்வு' இனித் தமிழ்ச் சொல்தான் என்பது என் கருத்து. அதை மாற்ற வேண்டியதில்லை.

பிஸ்டன் கதை இன்னும் சுவையானது. இத்தாலிய மொழியில் 'பெஸ்தாரே' என்றால் இடித்தல், குத்துதல். அதிலிருந்து 'பிஸ்தோனே', பெரிய உலக்கை. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அப்படியென்றால் பிஸ்டன் என்பது சிலிண்டர் என்னும் உரலுக்குள் ஏறி இறங்கும் உலக்கை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பிஸ்டனை 'முசலம்' என்று எழுதுவதைப் பார்க்கலாம். முசலம் என்பது உலக்கைக்கான வடசொல். மூலப் பொருளை அறிந்து பெயர் வைத்தவர்கள்! தமிழ்நாட்டில் 'உந்து தண்டு' என்ற சொல் உண்டு. தொழிலைச் சரியாகச் சொன்னாலும் பிஸ்டனின் வடிவத்தை அது சொல்வதில்லை. பிஸ்டனில் தண்டு போல எதுவும் இல்லை. தண்டு என்றால் பிஸ்டனைக் கீழே கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் நினைவுக்கு வரும்.

சரி, இப்போது ரிலீஃப். சிக்கலே இங்கேதான். லத்தீனில் 'லெவிஸ்' என்றால் லேசானது. 'ரெலெவாரே' என்றால் தூக்குதல், பாரத்தைக் குறைத்தல். இந்த ஒரு வேரிலிருந்து பல கிளைகள் பிரிந்தன. பாரம் குறைப்பது என்ற கிளை வெள்ள நிவாரணம், வலி நிவாரணம் என்று நாம் செய்தித்தாளில் படிப்பது. தூக்கிக் காட்டுவது என்ற கிளை சிற்பக்கலைக்குப் போனது. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு போன்ற பாறைச் சிற்பத்துக்கும் ஆங்கிலத்தில் ரிலீஃப் என்றுதான் பெயர். தமிழில் புடைப்புச் சிற்பம். மூன்றாவது கிளை பட்டறைக்கு வந்தது. ஓர் உலோகப் பாகம் இன்னொன்றைத் தொடாமல் இருக்க, தொடும் இடத்தில் கொஞ்சம் செதுக்கி எடுப்பதற்கும் ரிலீஃப் என்றே பெயர். சிற்பி சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுக்கிறார், எஞ்சிப் புடைத்து நிற்பது ரிலீஃப். கடைசல்காரர் உலோகத்தைச் செதுக்கி எடுக்கிறார், எடுத்த பள்ளமே ரிலீஃப். ஒரே சொல் ஓரிடத்தில் மேட்டையும் இன்னோரிடத்தில் பள்ளத்தையும் குறிக்கிறது.

இதை அறியாமல் அகராதியைப் பார்த்து மாற்றினால் 'வால்வு நிவாரணம்' என்றோ 'வால்வுப் புடைப்பு' என்றோ வந்து நிற்கும். முதலாவதுக்குப் பொருளே இல்லை, இரண்டாவது நேர் எதிர்ப்பொருள். இன்னொரு குழப்பமும் உண்டு. அதே எஞ்சினின் ஆயில் பம்ப்பில் 'ரிலீஃப் வால்வ்' என்று ஒன்று இருக்கிறது. எண்ணெய் அழுத்தம் மிகும்போது திறந்துவிடும் அது தனி உறுப்பு. சொற்கள் இடம் மாறினால் பொருளும் மாறிவிடும். ஆயில் பம்ப்பில் இருப்பதை 'அழுத்தம் விடுவிக்கும் வால்வு' என்று சொன்னால் குழப்பம் தீரும்.

பாக்கெட் என்ற பட்டறைச் சொல் பழைய பிரெஞ்சில் 'சின்னப் பை'. தமிழில் அது சட்டைப் பைக்கும் பால் பாக்கெட்டுக்கும் போய்விட்டது. ஆங்கிலம் பேசும் மெக்கானிக்குகள் இதை 'ஐப்ரோ' என்றும் சொல்வார்கள். ஆழமில்லாத குழி பிஸ்டன் ஓரத்தில் புருவம் போலத் தெரிவதால் வந்த பெயர், பார்த்த உடனே ஒட்டிக்கொள்கிறது. ஒற்றை வெட்டுமுனையைச் சுழற்றி இந்தக் குழியை எடுப்பது 'ஃப்ளை கட்டிங்'.

தமிழில் என்ன சொல்வது? பேச்சுக்கு 'வால்வுக் குழி' போதும். ஆனால் வால்வு உட்காரும் இடத்துக்கும், அதாவது வால்வ் சீட்டுக்கும், இதற்கும் வேறுபாடு தெரியாது. குழி ஏன் இருக்கிறது என்பதைப் பெயரே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பிஸ்டன் அங்கே வால்வுக்கு வழி விடுகிறது. ஆகவே 'வழிவிடு குழி'. கடைசல் கத்தியின் ரிலீஃப் கோணத்தையும் 'வழிவிடு கோணம்' என்று சொல்லலாம், அச்சுத்தண்டில் போடும் ரிலீஃப் காடியை 'வழிவிடு காடி' என்று சொல்லலாம். இப்படிப் பக்கத்துச் சொற்களுக்கும் நீண்டு கொடுப்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

தொழிற்சாலையிலேயே குழி இருக்கும்போது வீட்டில் ஏன் வெட்டுகிறார்கள்? வால்வை அதிக உயரம் திறக்கும் கேம் போட்டாலோ, பெரிய வால்வு போட்டாலோ, ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் சிலிண்டர் மூடியைச் சீவி இறக்கினாலோ பழைய குழி போதாது. போதுமா என்று பார்க்கும் வழி எளிது. பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, வால்வில் எண்ணெய் தடவி, கேஸ்கெட்டுடன் ஹெட்டை முறையாக முடுக்கி, கையால் எஞ்சினை முழுதாக இரண்டு சுற்று சுற்றுவார்கள். பிறகு கழற்றிக் களிமண்ணை பிளேடால் வெட்டி, மிக மெல்லிய இடத்தின் கனத்தை அளப்பார்கள். இரும்பு கனெக்டிங் ராடு உள்ள எஞ்சினுக்கு இன்லெட் பக்கம் 2 மில்லிமீட்டர், சூட்டில் அதிகம் நீளும் எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டர் என்பது நெடுநாள் கைக்கணக்கு. பக்கவாட்டில் வால்வின் விளிம்பைச் சுற்றி 1.25 முதல் 1.5 மில்லிமீட்டர்.

வெட்டுவதற்குப் பழைய வால்வு ஒன்றின் விளிம்பில் பல் வெட்டி, வால்வுத் தண்டு ஓடும் குழாயான அதே வால்வ் கைடின் வழியாக நுழைத்து, டிரில் மிஷினால் சுழற்றுவது வீட்டு முறை. கைடே வழிகாட்டுவதால் குழியின் மையமும் சாய்வும் தானாகச் சரியாக அமையும். இதுதான் இந்த முறையின் அருமை. ஆனால் ஆழம் கையின் அழுத்தத்தில் இருக்கிறது. நிறுத்தி வைக்கும் வளையம் ஒன்று வால்வுத் தண்டில் இல்லாவிட்டால் ஒரு நொடியில் பிஸ்டன் தலை மெலிந்துவிடும். அலுமினியச் சீவல் சிலிண்டருக்குள் இறங்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே கைடு வழியாகக் கூர்முனைக் கம்பியை விட்டு மையத்தை மட்டும் குறித்துக்கொண்டு, பிஸ்டனைக் கழற்றி மில்லிங் மிஷின் உள்ள லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது. வெட்டும் முன் பிஸ்டன் தலையின் கனத்தையும், முதல் ரிங் காடி எவ்வளவு கீழே இருக்கிறது என்பதையும் கட்டாயம் அளக்க வேண்டும். வெட்டிய பிறகு குழியின் கூர் ஓரங்களை மழுக்க வேண்டும். கூராக விட்டால் அந்த ஓரம் சூட்டில் பழுத்து, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும்.

கம்ப்ரஷனும், அதாவது உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் அழுத்திச் சுருக்கும் விகிதமும், குறையும். 200 சிசி ஒற்றைச் சிலிண்டர், 10க்கு 1 என்றால் எரியறை சுமார் 22.2 சிசி. இரண்டு குழியும் சேர்ந்து 1 சிசி எடுத்தால் விகிதம் 9.6க்கு வந்துவிடும். பிஸ்டன் எடையும் சுமார் 2.7 கிராம் குறையும், பல சிலிண்டர் எஞ்சினில் எல்லாவற்றிலும் ஒரே அளவு எடுத்தாக வேண்டும்.

பிரிட்டனின் மினி கார்களில் இந்தக் குழி பிஸ்டனை விட்டு வேறிடம் போகும். அதன் 998 சிசி எஞ்சினின் சிலிண்டர் அகலம் 64.58 மில்லிமீட்டர்தான். பெரிய வால்வும் உயரத் திறக்கும் கேமும் போட்டால், வால்வு இடிப்பது சிலிண்டர் வாயின் விளிம்பில், அதாவது சிலிண்டர்கள் குடையப்பட்ட பிளாக்கின் மேல்தளத்தில். அதனால் அங்கே பிளாக்கின் விளிம்பையே பிறைவடிவில் செதுக்குகிறார்கள். அதற்கும் வழிவிடு குழி என்ற பெயரே பொருந்துகிறது.